அது வேற கல்லு

சர்வேயருக்கு எவ்வளவு ஆகும்னுங்களா கேட்டீங்க? உக்காருங்க, சொல்றன். அவரு பதினோரு மணிக்கு முன்னால வர மாட்டாரு. இக்கட்ட தள்ளி உக்காருங்க, அங்க இன்னும் அரை மணி நேரத்துல வெயிலு வந்துரும். இந்தத் தாலுக்கா ஆபீஸ் பெஞ்சுல நான் உக்கார்றது இது நாலாவது தடவைங்க. வெயிலு எந்நேரத்துக்கு எந்த மூலைக்கு வரும்னு எனக்கு அத்துபடி.

கையில என்னங்க, பட்டா நகலா? நல்லா கவருக்குள்ள போட்டு வெச்சிருக்கறீங்க. மொதத் தடவை வர்றவிய எல்லாம் அப்படித்தான் கொண்டாருவாங்க. என்றதப் பாருங்க, மடிச்சு மடிச்சு நாலாக் கிழிஞ்சு போச்சு.

செலவக் கேட்டுக்கங்க. கவர்மெண்டு பீஸு ஒண்ணு, கம்ப்யூட்டர்ல கட்டோணும். அது பெரிய தொகையில்லீங்க. தனியார் சர்வேயரையும் கூப்புடலாம், வெரசா அளந்துட்டுப் போயிருவான். ஆனா அவன் நட்ட கல்லைப் பக்கத்துக் காட்டுக்காரன் ஒத்துக்கோணுமல்ல? ஒத்துக்கறவனா இருந்தா நாம எதுக்கு அளக்கறம்? அதனால கவர்மெண்டுதான். பொறகு நடறதுக்குக் கல்லு நாமதான் வாங்கித் தரோணும். சங்கிலி புடிக்க ரெண்டாளு. கோட்டுல இருக்கற முள்ளு வெட்ட ரெண்டாளு. வந்து போறதுக்குக் காரு, மத்தியானச் சாப்பாடு. ஒட்டுக்கா ஒரு மாட்டை வித்தாக் கட்டுமுங்க. நான் வித்தன். நல்ல செனை மாடு.

லஞ்சங்களா? நீங்க வேற. நம்ம சர்வேயரு கை நீட்டற ஆளு இல்லீங்க. தெக்கத்திப் பையன், கண்ணாடி போட்டிருப்பாரு, வயசு முப்பது இருக்கும். டீக்குக் கூட அவரே காசு குடுத்தாரு. அப்படிப்பட்ட ஆளு வந்தாத்தான் நமக்குத் தொந்தரவு. வாங்கறவனா இருந்தா குடுத்துட்டு வேலைய முடிச்சுக்கலாம்.

உங்க தகராறு யாரோடங்க? அண்ணனா? கூடப் பொறந்த அண்ணனா? சரி சரி, நான் ஒண்ணும் சொல்லல. எத்தன அடி? ரெண்டடியா? என்றது அஞ்சடிங்க. எனக்கு அண்ணனோட இல்ல, அவிய போயி வருசம் பத்தாச்சு. காளியண்ணன்னு பேரு. எனக்குத் தகராறு அண்ணன் சம்சாரத்தோட. பாவாயின்னு பேரு. எங்க நங்கை.

எங்கூரு ஊத்துப்பாளையம். எங்கப்பன் வெச்சுட்டுப் போனது நாலு ஏக்கரா. அண்ணனுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு. கெணறு என்ற பக்கம், தண்ணியில ரெண்டு பேருக்கும் பாத்தியம். அண்ணன் குடியிருந்த சாளையோட பொறக்கடைக் கதவைத் தொறந்தா வரப்போரமாக் கெணத்துக்கு ஒரு தடம், முப்பது எட்டு வெச்சா வந்துரலாம். நடுவால ஒரு வரப்பு, வரப்பு மேல ஒரு தென்னமரம். அந்தத் தென்னமரத்துலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

ஒருநாள் ஆளு விட்டுத் தேங்கா போட்டனுங்க. நங்கை வந்துச்சு. "கொழுந்தனாரே, இது உங்கண்ணன் நட்ட மரமல்லங்க, பாதி வெச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லுச்சு. பாதிதான் கேட்டுச்சு, அத நானும் இல்லைன்னு சொல்லல. ஆனா மரமேறி நிக்கறான், அவன் பொண்டாட்டி நிக்கறா, அவிய முன்னால கேக்கறதா? எனக்குச் சுருக்குன்னுச்சு. "மரம் யாரு நட்டாங்கறது பேச்சில்லீங்க, யாரு மண்ணுல நிக்குதுங்கறதுதான் பேச்சு"ன்னன். நாயந்தானுங்களே? நீங்களே சொல்லுங்க.

எங்கூட்ல தெய்வானை, "ஒரு மரத்துக்கா சர்வேயரு?"ன்னு கேட்டா. மரத்துக்கு இல்ல, நாயத்துக்குன்னு சொன்னன். அவ அடுப்பப் பாத்துத் திரும்பிக்கிட்டா. பொம்பளைகளுக்கு மண்ணுப் பேச்சு ஏறாதுங்க.

மனுப் போட்டா பக்கத்துக் காட்டுக்காரருக்கு நோட்டீசு போகும். உங்கண்ணனுக்கும் போகும், தெரிஞ்சுக்கங்க. உங்கண்ணனுக்குப் படிக்கத் தெரியுமுங்களா? அப்ப நல்லது. எங்க நங்கைக்குத் தெரியாது. ஒரே மகள், சுகந்தி, பல்லடத்துல டீச்சரு. இங்க எழுத்துக் கூட்டிச் சொல்ல ஆளில்ல. அந்த நோட்டீச எடுத்துக்கிட்டு நேரா என்றகிட்ட வந்துச்சுங்க. "கொழுந்தனாரே, என்னமோ தாளு வந்திருக்குது, பணம் கிணம் கட்டோணுமான்னு பாருங்க"ன்னு நீட்டுச்சு.

நான் என்ன பண்றது? படிச்சன். இன்ன தேதிக்கு, இன்ன புல எண்ணை அளக்கறதுக்கு, மனுதாரரு நஞ்சப்பன்னு, என்ற பேரையும் சேத்துத்தான் படிச்சன். மறைக்கல. நங்கை, "அளந்துக்கங்க, அதுக்கென்ன. எங்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்து மனுக் குடுத்திருப்பனல்லங்க"ன்னு சொல்லுச்சு. தாளை வாங்கி மடியில சொருகிக்கிட்டுப் போயிருச்சு.

இப்ப கல்லுச் சங்கதி ஒண்ணு சொல்லோணும். காட்டோட சர்வே படத்தை விரிச்சு வெச்சு அளக்கறதுக்கு அந்தக் காலத்துல நட்ட கல்லு வேணுமுங்க. குறைஞ்சது மூணு இருந்தா நல்லது. அதைப் புடிச்சுத்தான் மத்ததெல்லாம் போடுவாங்க. எங்க காட்டு மூலையில, இட்டேரித் தடம் திரும்பற பக்கம், பெரிய கல்லு ஒண்ணு இருக்குது. மூணு ஊரு எல்லை கூடற தாவு, அதனால மூணடி நீளத்துல, ஒரு முழ அகலத்துல பெரிசா நட்டிருக்கறாங்க.

அது ஒரு பெருமழையில சாஞ்சு கெடந்துது. எங்களுக்கு அப்பத்தான் மோட்டாரு வெச்சுது. நங்கை கல்யாணமாயி வந்த புதுசு. தொட்டிகிட்ட துணி தொவைக்கக் கல்லில்லைன்னு சொல்லுச்சாமா. எங்கண்ணன் என்னையும் கூட்டிக்கிட்டுப் போயி, வண்டியில ஏத்திக் கொண்டாந்து தொட்டிக்குப் பக்கத்துல போட்டாரு. சர்வே கல்லுன்னு எங்களுக்கு எங்க தெரியும்? தட்டையா இருந்துது, நல்ல கல்லு. பத்து வருசம் நங்கை அதுலதான் தொவைச்சுது. எனக்குப் பதினஞ்சு வயசுல அம்மை போட்டுது பாருங்க, எங்கம்மா முன்னாலயே போயிட்டா, நங்கைதான் இருபத்தியோரு நாளும் பக்கத்துல இருந்து வேப்பந்தழை வீசுச்சு. அம்மை எறங்கித் தண்ணி ஊத்துனதும் அந்தக் கல்லு மேல உக்கார வெச்சுத்தான். சரி, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமில்ல, சும்மா ஞாபகம் வந்துது.

பொறகு ஊர்ல மணியக்காரரு சத்தம் போட்டாரு. சர்வே கல்லப் புடுங்குனா கேசு ஆகும்னு. பயந்துக்கிட்டு நானும் அண்ணனும் அதக் கொண்டி மறுபடி நட்டம். பழைய குழி மழையில மூடிப் போச்சு. அண்ணன் "இங்க"ன்னாரு, நான் "இல்லீங்ணா, இன்னும் அக்கட்ட"ன்னன். என்னத்தப் பாத்தம், ஒரு கணக்குல நட்டுட்டு வந்தம். நாப்பது வருசம் அது பாட்டுக்கு நின்னுது. யாரும் ஒண்ணும் கேக்கல.

அளக்கற அன்னிக்கு ஊர்ல இருந்து பத்துப் பேரு வந்துட்டாங்க. கோயில் நோம்பிக்குக் கூட அப்படி வர மாட்டாங்க. வி.ஏ.ஓ. வந்தாரு. சர்வேயரு படத்தை விரிச்சாரு. கோயிலுக்குப் பின்னால ஒரு கல்லு கெடைச்சுது. வாய்க்கா ஓரத்துக் கல்லு, வாய்க்காய அகலம் பண்றப்பப் போயிருச்சு. மூணாவது இந்த மூலைக்கல்லு. ஆக ரெண்டு கல்லு வெச்சு அளந்தாரு. எனக்கு முழங்கால் வலிங்க. நின்னு நின்னு முடியல. அந்தக் கல்லுல ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுக்கிட்டன்.

அளந்து பாத்துட்டு அந்தப் பையன் நெத்தியச் சுருக்குனாரு. மறுபடி சங்கிலி போட்டாரு. பொறகு எல்லாரையும் கூப்புட்டுச் சொன்னாரு: "படத்துக்கும் வரப்புக்கும் அஞ்சடி இடிக்குதுங்க. ஒண்ணு இந்த வரப்புத் தப்பு, இல்லாட்டி இந்தக் கல்லு தப்பு. கல்லு சரின்னா அஞ்சடி மனுதாரருக்கு வருது. இந்தக் கல்லை யாராச்சும் எப்பவாச்சும் புடுங்கி நட்டிருக்கறீங்களா?"

அந்தப் பத்துப் பேர்ல பாதிப் பேரு அப்பப் பொறக்கவே இல்லீங்க. நங்கைதான் முன்னால வந்துச்சு. "சாமி, அது நாங்க துணி தொவைச்ச கல்லுங்க. பொறவுதான் கொண்டி நட்டாங்க. கொழுந்தனாருக்குத் தெரியும், அவியளும் எங்கூட்டுக்காரரும்தான் தூக்கிட்டுப் போனாங்க"ன்னு சொல்லுச்சு.

எல்லாரும் என்னப் பாத்தாங்க. சர்வேயரும் பாத்தாரு. நான் சொன்னன், "அது வேற கல்லு."

"அப்ப அந்தக் கல்லு எங்கீங்க?"ன்னாரு.

"அது ஒடஞ்சு போச்சு"ன்னன்.

பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. நாப்பது வருசத்துக்கு முந்தின சங்கதி, யாருக்குச் சரியா ஞாபகம் இருக்கும்? எனக்கே ஞாபகம் மங்கிப் போச்சு. பத்துப் பேரு முன்னால, பட்டுன்னு கேட்டா, பட்டுன்னு ஒரு வார்த்தை வாயில வருது. தேங்கா கேட்டது வேற மனசுல கெடந்துது. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

இல்ல, சும்மாதான் கேட்டன். சொல்ல வேண்டாம்.

நங்கை சண்டை போடுமுன்னு நெனச்சனுங்க. போட்டிருந்தா எனக்கும் நாலு வார்த்தை பேச வந்திருக்கும். அது என்னையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பொறகு சர்வேயருகிட்டத் திரும்பி, "சரிங்க சாமி, வேற கல்லா இருக்கும். கொழுந்தனாரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்"ன்னு சொல்லுச்சு. சாளைக்குப் போயிருச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு ஒரு போசி மோரும் டம்ளருமா வந்து எல்லாத்துக்கும் ஊத்திக் குடுத்துச்சு. வெயிலு பாருங்க. எனக்கும் குடுத்துச்சு. நானும் குடிச்சன்.

அப்பறம் கைநாட்டு வெச்சுது. நான் கையெழுத்துப் போட்டன். புதுக் கல்லு நட்டாங்க. வேலை சுத்தமா முடிஞ்சுதுங்க.

அடுத்த வாரமே கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்தன். அந்த அஞ்சடியில என்ன வந்துச்சுன்னா, தென்னமரம் வந்துச்சு, கெணத்துத் தடம் வந்துச்சு, நங்கையோட சமையக்கட்டுல பின்செவுறு வந்துச்சு. செவுத்த நான் இடிக்கலீங்க. இடிக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லல. ஊர்ல அப்படிப் பேசறாங்க, நம்பாதீங்க. சட்டப்படி பாத்தா செவுத்துக்கு உள்ளாற ஒண்ணரை அடி எனக்குப் பாத்தியம். அதை விட்டுக் குடுத்துத்தான் கம்பிய செவுத்த ஒட்டிக் கொண்டு போனன். பொறக்கடைக் கதவு மட்டும் தொறக்க வராமப் போச்சு, அவ்வளவுதான்.

தண்ணியையும் தடுக்கல. தெளிவாச் சொன்னனுங்க, கெணத்துல உங்களுக்குப் பாத்தியம் உண்டு, எந்நேரமும் வந்து எடுத்துக்கலாம்னு. தடந்தான் இல்ல. வாய்க்காக் கரை மேல சுத்தி, இட்டேரி வழியா வந்தா கெணத்துக்கு வந்துரலாம். அரைக் கிலோமீட்டரு இருக்கும். அறுபத்தஞ்சு வயசுலயும் நங்கை நல்ல தெடகாத்திரமான ஆளுங்க. இடுப்புல ஒரு கொடம், கையில ஒரு கொடம். காலையில ஒரு நடை, பொழுதோட ஒரு நடை. நான் மோட்டாரு எடுத்து உடறப்பப் பாப்பன். என்னப் பாத்தா முந்தானைய இழுத்துப் போர்த்திக்கிட்டு ஒதுங்கி நிக்கும், நான் போற வரைக்கும். எப்பவும் அப்படித்தான் மரியாத குடுக்கும், அன்னிக்கும் அத விடல.

தெய்வானை ஒருநாள் கேட்டா, கம்பியில ஒரு ஆளு போற அளவுக்கு ஒரு சந்து உட்டா என்னங்கன்னு. சந்து விட்டா அது நாளைக்குப் பாத்தியம் ஆயிரும்டின்னன். உங்களுக்குத் தெரியாததா? நாளைக்கு அந்த மகளோட மாப்பிள்ள வந்து தடம் எங்களுதுன்னு நிப்பான்.

அஞ்சு மாசம் அப்படிப் போச்சு. ஐப்பசியில அந்த வருசம் நல்ல மழைங்க. வாய்க்காக் கரை களிமண்ணு. காலையில போன ஆளு வழுக்கி உளுந்திருக்குது. இடுப்பு எலும்பு. எந்திரிக்க முடியல. கத்தியிருக்கும், மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்குது? மத்தியானம் ஆடு மேய்க்கறவன் ஒருத்தன் பாத்துட்டு ஓடியாந்து சொன்னான். அதுவரைக்கும் அங்கயே கெடந்திருக்குது. நான் அன்னிக்குக் காலையில மோட்டாரு எடுத்து உடப் போகல, மழைதான பெய்யுது. போயிருந்தாப் பாத்திருப்பன். ஒருவேளை பாத்திருப்பன்.

சுகந்தி வந்து கோயமுத்தூருக்குக் கொண்டு போனா. பிளேட்டு வெச்சாங்க. பொறகு பல்லடத்துக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டா. படுத்த படுக்கைதான். முதுகெல்லாம் புண்ணு வந்துருச்சுன்னாங்க. நான் போயிப் பாக்கலீங்க. போகலாம்னுதான் ஒருநாள் வேட்டி மாத்திக்கிட்டுப் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனன். பஸ்ஸு கூட்டமா இருந்துது.

தெய்வானைதான் போயிட்டு வந்தா. மூணாம் நாளு சோத்தப் போட்டு வெச்சுட்டுச் சொன்னா: "நங்கைக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்லையாமா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாங்க. அது வேற கல்லுன்னா, உங்களுக்கு அம்மைத் தண்ணி ஊத்துனது எந்தக் கல்லு மேலன்னு கேட்டாங்க."

நான் சோத்துல தண்ணிய ஊத்திட்டு எந்திரிச்சுட்டன். அந்தக் கேள்விக்கு நான் என்னங்க பதில் சொல்லி உடறது? போனா வந்தா சொல்லலாம்னு நெனச்சன். மார்கழி பத்தாந்தேதி செய்தி வந்துருச்சு.

அந்தத் தென்னமரத்துல காய் முத்தித் தானா உளுகுது. எங்கூட்ல அதைத் தொடமாட்டேங்கறா. கடையில காசு போட்டுத் தேங்கா வாங்கறா.

முடிஞ்சுதுன்னு நெனக்காதீங்க, இனித்தான் இருக்குது. கருமாதியெல்லாம் முடிஞ்ச பொறகு சுகந்தி மறு அளவைக்கு மனுப் போட்டுட்டா. இந்தத் தடவை மெசினு. கல்லே வேண்டாமாமா, மேல இருக்கற சேட்டிலைட்டப் புடிச்சு அளக்குதாமா. அதே சர்வேயருதான் வந்தாரு. போன ஆடி மாசம். மூணு காலு நட்டு அது மேல மெசின வெச்சாரு, சத்தமே இல்ல, அரை மணி நேரத்துல சொல்லிட்டாரு. மூலைக்கல்லு அஞ்சடி தள்ளி நிக்குது. வரப்பு இருந்த எடந்தான் சரி. தடம், செவுறு, மரம் எல்லாம் அண்ணன் பக்கம்.

சொல்லிட்டு அந்தப் பையன் என்னை ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாக் கூடத் தேவலை. நேரா அந்தக் கல்லுகிட்டப் போயி குத்த வெச்சு உக்காந்தாரு. ஒரு பக்கம் சொரசொரன்னு இருக்கும். இன்னொரு பக்கம் பத்து வருசம் தொவைச்சுத் தேஞ்சது, வழவழன்னு குழிஞ்சு கெடக்கும். அந்தப் பக்கத்தக் கையால தடவிப் பாத்தாரு. நான் மொதல்ல அளந்த அன்னிக்கு அந்தப் பக்கந்தான் சாஞ்சு நின்னன். முழங்கால் வலின்னு சொன்னனல்லங்க.

அன்னிக்குச் சாயங்காலமே சுகந்தியக் கூப்புட்டுச் சொன்னன். "அம்மிணி, நடந்தது நடந்து போச்சு. கம்பியப் பிரிச்சர்றன். அஞ்சடியும் உனக்குத்தான். எழுத்துச் செலவு, பதிவுச் செலவு, சர்வேயரு செலவு எல்லாம் நானே போடறன்." இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன சொல்லோணும்? ஊர்ல எத்தன பேரு இப்படிச் சொல்லுவான்?

அவ சொல்றா, "மண்ணு எனக்கு வேண்டாஞ் சித்தப்பா. நீங்களே வெச்சுக்கங்க. எங்கம்மா பத்துப் பேரு முன்னால நெசத்தச் சொல்லிட்டு, பொய் சொன்னவளாப் போயிச் சேந்தா. அந்தப் பத்துப் பேரும் மாரியாத்தா நோம்பிக்கு வருவாங்க. அவிய முன்னால, அது அதே கல்லுதான், பாவாயி சொன்னது நெசம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

பாருங்க, படிச்ச புள்ள, எப்படிப் பேசுதுன்னு. மண்ணு வேண்டாமாமா, வார்த்தை வேணுமாமா. இந்த வயசுல நான் கோயில் முன்னால நின்னு, மாமன் மச்சான் ஒரம்பரையெல்லாம் நிக்கறப்ப, நான் பொய் சொன்னன்னு சொல்லோணுமா? அப்பறம் அந்த ஊர்ல எப்படி இருக்கறது? எனக்கு ஒரு மகன் திருப்பூர்ல இருக்கறான், அவனுக்குப் பொண்ணுக் கேக்கற எடத்துல என்ன சொல்லுவாங்க? அவன் இப்ப என்றகிட்டப் பேசறதில்ல, அது வேற.

அதுக்குத்தான் இங்க வந்து உக்காந்திருக்கறன். ஒரு ரோசனை பண்ணி வெச்சிருக்கறன். சர்வேயரு ஒரு தாள் எழுதித் தரட்டும். கவர்மெண்டு சீலு போட்டு. மூலைக்கல்லு முன்னாலயே எடம் மாறி நடப்பட்ட கல்லு, அதனால மொத அளவை தப்பு, அப்படின்னு. அத ஊர்ல பஞ்சாயத்து போர்டுல ஒட்டிரலாம். எல்லாரும் படிச்சுக்குவாங்க. நங்கை சொன்னது நெசம்னு தெரிஞ்சுரும். கல்லு மேல தப்புன்னு ஆயிரும், மனுசன் மேல இல்ல. எல்லாருக்கும் நல்லதுதானுங்களே?

போன வாரம் கேட்டுப் பாத்தன். "பெரியவரே, கல்லு எங்க நிக்குதுன்னுதான் நான் எழுத முடியும். யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதற வேலை எனக்கில்லீங்க"ன்னுட்டாரு. எவ்வளவு ஆனாலும் கட்டறன்னன். இன்னொரு மாடு நிக்குது, வித்துப்போடறன்னன். அதுக்கு அவரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "அதுக்கு பீஸு இல்லீங்க"ன்னாரு. பேச்சப் பாருங்க. வர்ற செவ்வாக்கெழம நோம்பிக்குப் பூச்சாட்டு. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணியாகோணும்.

என்னங்க? நானே போயிச் சொல்லீரலாமா? உங்ககிட்டச் சொன்ன மாதிரியேவா?

உங்ககிட்டச் சொன்னது வேறங்க. நீங்க யாரோ, நான் யாரோ. பஸ்ஸு ஏறுனா மறந்துருவீங்க.

சரி, உங்க சங்கதிக்கு வருவம். உங்க கல்லெல்லாம் அதது எடத்துலதான் நிக்குதுங்களா? யாரும் எப்பவும் புடுங்கி நடலியே? ஏனுங்க, பேச மாட்டேங்கறீங்க? உங்கண்ணனும் நீங்களுமா எதையாச்சும்... சரி, கேக்கல. கேக்கல உடுங்க.

அதா, வர்றாரு பாருங்க. பச்சச் சட்டை. என்னப் பாத்துட்டுத்தான் அந்தப் பக்கமாச் சுத்திப் போறாரு. நான் போனா வாங்க மாட்டாரு, போன தடவையே மனுவத் திருப்பிக் குடுத்துட்டாரு. நீங்க உள்ள போறீங்கல்ல, உங்க மனுவோட என்றதையும் சேத்துக் குடுத்துருங்க. மேல நஞ்சப்பன்னு பேரு இருக்கும், பாத்தா அவருக்கே தெரியும்.

என்ன விசயம்னு கேட்டா, சொல்லீருங்க. அது அதே கல்லுதான்னு சொல்லீருங்க. நங்கை தொவைச்ச கல்லு, எனக்குத் தண்ணி ஊத்துன கல்லு. நல்லா ஞாபகம் இருக்குதாமா, நேத்து மாதிரி ஞாபகம் இருக்குதாமா, அப்படின்னே சொல்லீருங்க.

யாரு சொன்னாங்கன்னு கேட்டா மட்டும், தெரியாதுன்னுருங்க.